பின்னால் திரும்பும் கண்: வேகவாசிப்புக் கருவியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

வாசிப்பு பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எழுதப்பட்டதெல்லாம் பெரும்பாலும் பிரதியைப் பற்றியும் அர்த்தத்தைப் பற்றியும்தான். ஆசிரியர் செத்துவிட்டார் என்று அறிவித்தோம். காலியான இடத்தில் வாசகரை உட்கார வைத்தோம். அந்த வாசகருக்கு ஒரு உடம்பு உண்டு, அதில் இரண்டு கண் உண்டு, பக்கம் புரட்டுகிற கை உண்டு, உள்ளுக்குள்ளே முணுமுணுக்கிற தொண்டை உண்டு என்பது நமக்கு அவ்வளவாக உறைத்ததில்லை. வேறு சிலருக்கு அது நன்றாகவே உறைத்திருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக அவர்கள் அந்தக் கண்ணை அளந்துகொண்டிருக்கிறார்கள். அந்த அளவெடுப்பின் பின்கொழுந்துகளில் ஒன்று இப்போது கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சமாச்சாரம் எளிமையானது. ஒரு கட்டுரையைக் கொடுத்தால் பக்கம் மறைந்துவிடும். திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு சொல் தோன்றும். அடுத்த சொல் வந்து அதை அழிக்கும். அதற்கடுத்தது அதையும் அழிக்கும். வரியில்லை, பத்தியில்லை, ஓரமில்லை. கண்ணை அசைக்க வேண்டியதில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும், நிமிஷத்துக்கு ஐந்நூறு அறுநூறு சொல் உள்ளே போய்விடும் என்கிறார்கள். 2014இல் அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த ஸ்ப்ரிட்ஸ் என்ற நிறுவனம் இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாக அறிவித்து, சாம்சங்கின் புதிய கைப்பேசியிலும் கைக்கடிகாரத்திலும் கொண்டுவந்தது. சொல்லின் ஒரு எழுத்தை மட்டும் சிவப்பாக்கி, அந்தச் சிவப்பு எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும்படி சொற்களை நகர்த்தி வைத்தது. நிமிஷத்துக்கு ஆயிரம் சொல் வரை போகலாம் என்றது. ஆங்கிலம் வாசிப்பவர்கள் மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம், கதையல்லாத எழுத்துக்கு நிமிஷத்துக்குச் சுமார் 238 சொல் என்று மார்க் பிரைஸ்பேர்ட் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார். அதை நாலு மடங்காக்குவதாக வாக்குறுதி.

இது ஏதோ விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படி ஒதுக்க விரும்பவில்லை. இந்தப் பெட்டிக்குள் ஒரு நீண்ட வரலாறு சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வாசகரின் கண் எப்போது பின்னால் திரும்பலாம், திரும்பலாமா கூடாதா என்பதை யார் தீர்மானிப்பது என்கிற வரலாறு அது.

தொடக்கம் ஜெர்மன் ஆய்வுக்கூடங்கள். 1859இல் ஃபோல்க்மன் என்ற உடலியலாளர் ஒரு உருவத்தைக் கண் சிமிட்டும் நேரத்துக்குக் காட்டி மறைக்கிற கருவியைச் செய்தார். டாகிஸ்டாஸ்கோப் என்று பெயர். கிரேக்கத்தில் 'மிக வேகமாக', 'பார்' என்ற இரண்டையும் ஒட்டியது. 1880களில் லைப்சிக்கில் வுண்ட் நடத்திய உளவியல் ஆய்வுக்கூடத்துக்கு ஜேம்ஸ் மக்கீன் கட்டெல் என்ற அமெரிக்க இளைஞர் போய்ச் சேர்ந்தார். இந்த மாதிரிக் கருவியை வைத்துக்கொண்டு, ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரத்தில் மனுஷனால் எவ்வளவு பிடிக்க முடியும் என்று எண்ணினார். தொடர்பில்லாத எழுத்துகள் என்றால் மூன்று நான்கு. தொடர்பில்லாத சொற்கள் என்றால் இரண்டு. வாக்கியமாக இணைந்த சொற்கள் என்றால் நான்கு. இதைக் கவனிக்க வேண்டும். பளிச்சிட்டு மறைகிற கருவியின் ஆரம்ப காலப் பெரிய முடிவே, சொற்களுக்கிடையே உறவு இருந்தால் கண் அதிகம் பிடிக்கிறது என்பதுதான். பிற்பாடு வந்த வியாபாரம் இதே கருவியை எடுத்துக்கொண்டு, கண் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய அந்தப் பக்கத்துச் சொல்லை முதலில் வெட்டி எறிந்தது. வேடிக்கைதான்.

அதே காலத்தில் பாரிஸில் எமில் ஜாவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் இன்னொன்று தெரியவந்தது. வாசிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி, நின்று நின்று போகிறது. கண் நிற்கும்போதுதான் பார்க்கிறது. பின்னால் வந்த அளவுகளின்படி ஒரு நிறுத்தம் ஏறக்குறைய கால் நொடி. ஒரு தாவல் அதில் பத்தில் ஒரு பங்கு சொச்சம். அமெரிக்காவில் எட்மண்ட் பர்க் ஹ்யூயி இதைப் பதிவு செய்த விதத்தைப் படித்தபோது எனக்குக் கண் கூசியது. மரத்துப்போக மருந்து விட்டு, கருவிழியின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த ஒரு சின்னக் கிண்ணத்தைப் பொருத்தி, அதிலிருந்து ஒரு மெல்லிய அலுமினியக் குச்சியை நீட்டி, புகையூட்டிய தாளில் கண்ணே தன் கையெழுத்தைப் போடும்படி செய்தார். அந்தக் கையெழுத்தில் படிக்கட்டு மாதிரி கோடுகள் இருந்தன. நடுநடுவே கண் வந்த வழியே திரும்பியதும் பதிவாகியிருந்தது. ஹ்யூயி 1908இல் எழுதிய வாசிப்பு உளவியல் நூல் இன்றும் மதிக்கத்தக்க புத்தகம். மௌன வாசிப்பிலும் உள்ளே ஒரு குரல் பேசிக்கொண்டேயிருக்கிறது, அது வாசிப்பின் இயல்பான பகுதி என்று அவர் சொன்னார். அவரிடம் அவசரமில்லை. அவருக்குத் தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

அவசரம் தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1911இல் டெய்லரின் 'விஞ்ஞான நிர்வாகம்' புத்தகமாக வெளிவந்தது. ஏறக்குறைய அதே வருஷங்களில் ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் தொழிலாளியின் விரலில் சின்ன மின்விளக்கைக் கட்டி, வேலை செய்யும்போது கை போகிற பாதையை ஒளிக்கோடாகப் புகைப்படம் எடுத்தார்கள். எந்த அசைவு தேவை, எது வீண் என்று பிரித்தார்கள். அதற்குப் பத்து வருஷம் முந்தியே, 1901இல், ரேமண்ட் டாட்ஜ் கருவிழியில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படத்தகட்டில் விழவைத்துக் கண்ணின் பாதையைப் பிடித்திருந்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது கை, எது கண் என்று சொல்லத் தெரியாது. டாட்ஜிடமிருந்து கில்பிரெத் கற்றார் என்றோ, அவர்கள் கூட்டுச்சதி செய்தார்கள் என்றோ நான் சொல்லவரவில்லை. உடம்பின் அசைவைப் பாதையாக வரைந்து, பாதையைத் துண்டுகளாக்கி, துண்டுக்கு நேரக் கணக்குப் போடுகிற ஒரு பார்வை அந்தக் காலத்தில் எல்லாரிடமும் இருந்தது. ஃபூக்கோ பள்ளிக்கூடத்தையும் பாசறையையும் தொழிற்கூடத்தையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசியதை நாம் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறோம். வாசிக்கிற கண்ணையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

1922இல் சிகாகோவில் கை பஸ்வெல் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணசைவுகளை வகுப்புவாரியாகப் படமெடுத்தார். மேல்வகுப்புக்குப் போகப் போக நிறுத்தங்கள் குறைகின்றன, பின்னால் திரும்புவதும் குறைகிறது. இதுவரை பிரச்சினையில்லை. ஆனால் இந்தப் படங்களிலிருந்து ஒரு வைத்தியம் பிறந்தது. நன்றாக வாசிப்பவர் குறைவாகத் திரும்புகிறார். ஆகவே திரும்புவதைத் தடுத்தால் நன்றாக வாசிப்பார்! காய்ச்சல்காரரிடமிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்கிப் பச்சைத் தண்ணீரில் முக்குகிற வைத்தியம் இது. கண்ணசைவு அறிகுறிதான், காரணமல்ல என்று மைல்ஸ் டிங்கர் என்ற உளவியலாளர் அப்போதே வாதாடிக்கொண்டிருந்தார். யார் கேட்டார்கள்? பின்னால் திரும்பும் அசைவுக்கு ஆங்கில உளவியலில் வைத்த பெயர் 'ரிக்ரெஷன்'. தமிழில் சொன்னால் பின்னடைவு. பெயரிலேயே தண்டனை இருக்கிறது. மறுபார்வை என்றோ, திரும்பிப் பார்த்தல் என்றோ வைத்திருந்தால் இந்த வரலாறு கொஞ்சமாவது வேறு மாதிரி போயிருக்கும் என்று தோன்றுகிறது.

பிறகு யுத்தம். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ரென்ஷா 1942 வாக்கில் அமெரிக்கக் கடற்படைக்கு டாகிஸ்டாஸ்கோப்பைக் கொண்டுபோனார். வானில் வருவது நம்ம விமானமா எதிரி விமானமா? அதுவரை இறக்கை, எஞ்சின், உடல், வால் என்று உறுப்பு உறுப்பாகப் பார்த்து அடையாளம் காணச் சொல்லிக்கொடுத்தார்கள். ரென்ஷா அதை ஒழித்தார். திரையில் விமான நிழலுருவம் நொடியில் நூறில் ஒரு பங்கு அளவுக்குப் பளிச்சிடும். மாலுமி முழு உருவத்தையும் ஒரே பிடியில் பிடிக்க வேண்டும். விமானத்துக்கு இது சரியாகவே இருக்கலாம். விமானத்தை இரண்டாம் தடவை பார்க்க நேரமிருக்காது. விமானத்துக்கு வாக்கிய அமைப்பும் கிடையாது. யுத்தம் முடிந்ததும் இதே முறை பள்ளிக்கூடத்துக்குள் வாசிப்புப் பயிற்சியாக நுழைந்தது. எதிரியைப் பார்க்கிற பார்வை பாடப்புத்தகத்தைப் பார்க்கிற பார்வையாக ஆனது. பளிச்சிடும் சொற்களைப் பிடிக்கப் பழகிய பிள்ளைகள் அந்த விளையாட்டில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். சாதாரணமாக நிறைய வாசித்த பிள்ளைகளைவிட வாசிப்பில் அவர்கள் முன்னே போகவில்லை என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரிந்தது.

ஈவ்லின் வுட் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூட்டா மாநிலத்துப் பள்ளி ஆசிரியை. 1959இல் வாஷிங்டனில் வேகவாசிப்புப் பள்ளி தொடங்கினார். கருவி வேண்டாம், கையைப் பக்கத்தின் மேல் ஓட்டிக் கண்ணை இழுத்துக்கொண்டு போ என்பது முறை. ஜனாதிபதி மாளிகை வரை மாணவர்கள். ஜிம்மி கார்ட்டரே பயிற்சி எடுத்துக்கொண்டார். 1980களில் ஜஸ்ட், கார்ப்பென்டர், மேசன் ஆகியோர் இப்படிப் பயின்றவர்களின் கண்ணைப் பதிவு செய்து பார்த்தார்கள். எளிய எழுத்தில் பொதுவான சாரம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விவரம் கேட்டால், நிதானமாக வாசித்தவர்களிடம் தோற்றார்கள். அவர்கள் செய்தது மேலோட்டமாகப் புரட்டுதல். புரட்டுவது தப்பில்லை. நாமெல்லாம் நூலகத்தில் செய்வதுதான். அதை வாசிப்பு என்று காசு வாங்கிக்கொண்டு விற்றதுதான் பிரச்சினை.

1970ஆம் ஆண்டை நான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். அந்த ஆண்டில் கென்னத் ஃபார்ஸ்டர் ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். ஆறு சொல் வாக்கியங்களை, ஒரே இடத்தில், சொல் மேல் சொல்லாக, நொடிக்குப் பதினாறு சொல் வேகத்தில் காட்டினார். வாக்கிய அமைப்பு சிக்கலாக இருந்தால் நினைவில் தங்கும் சொற்கள் குறைந்தன. அந்த முறைக்கு அவர் வைத்த பெயர் சுருக்கமாக ஆர்.எஸ்.வி.பி.; 'விரைவான தொடர் காட்சி' என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைய கைப்பேசிப் பெட்டிக்கு ஆய்வுலகப் பெயர் அதுவே. அதே 1970இல் பாரிஸில் ரொலாண் பார்த்தின் 'எஸ்/இஸட்' வெளியானது. பால்சாக்கின் ஒரு கதையை எடுத்து 561 துண்டுகளாக வெட்டிப் போட்ட புத்தகம். இருவருமே பிரதியைத் துண்டாக்கினார்கள். ஃபார்ஸ்டரின் துண்டு நொடியில் பதினாறில் ஒரு பங்கு நிற்கிறது. பார்த்தின் துண்டு அவருக்கு வேண்டிய மட்டும் நிற்கிறது. போனது திரும்பி வருகிறது. பதினைந்தாம் துண்டில் சொன்னதை நூறாம் துண்டில் எடுத்துப் பேசலாம். முப்பது பக்கச் சொச்சக் கதைக்கு இருநூறு பக்கத்துக்கு மேல் வாசிப்பு. வெட்டுவதில் தவறில்லை. கத்தி யார் கையில், கடிகாரம் யார் கையில் என்பதுதான் என் கேள்வி. ஃபார்ஸ்டரைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. மனம் வாக்கியத்தை எப்படிக் கட்டுகிறது என்று பார்க்க அவர் வேண்டுமென்றே மனத்தை நெருக்கடியில் நிறுத்தினார். நெருக்கடியை வாழ்க்கைமுறையாகச் சிபாரிசு செய்யவில்லை.

அதன்பின் எம்.ஐ.டி.யில் மேரி பாட்டர் இந்த முறையைப் பெரிய அளவில் வளர்த்தெடுத்தார். நொடிக்குப் பன்னிரண்டு சொல் போனாலும் ஒரு தனி வாக்கியத்தை மனம் புரிந்துகொள்கிறது, ஆச்சரியமான முடிவு. ஆனால் பத்தியாகக் கொடுத்தால் நினைவில் ஓட்டை விழுகிறது. புரிந்தது தங்குவதற்கு நேரம் வேண்டியிருக்கிறது. 1987இல் நான்சி கன்விஷர் இன்னொன்றைக் கண்டார். எனக்கு எல்லாவற்றிலும் பெரிய விஷயமாகப் படுவது இது. இந்த வேகத்தில் ஒரே சொல் சிறிது இடைவெளியில் இரண்டாம் முறை வந்தால் பலருக்கு அது தெரிவதேயில்லை. 'மழை நின்ற பிறகும் மழை பெய்தது மரத்தடியில்' என்று ஓட்டினால் இரண்டாவது மழை காணாமல் போய்விடக்கூடும். வாக்கியம் உடைந்து நிற்கும். வாசித்தவருக்கு ஏன் என்று தெரியாது. திரும்பக் கூறுதல் இல்லாமல் ஒப்பாரி உண்டா, தாலாட்டு உண்டா, மேடைப்பேச்சு உண்டா? சொல் திரும்ப வருவதையே அணியாக வகுத்து, பின்வருநிலை என்று பேர் வைத்த இலக்கணம் நம்முடையது. பெட்டிக்குள் அந்த அணி வெறும் பார்வைக் கோளாறு.

இனி 2014க்கு வருவோம். ஸ்ப்ரிட்ஸ் சொன்ன கணக்கு: வாசிக்கும் நேரத்தில் இருபது சதவீதம்தான் விஷயத்தை உள்வாங்கச் செலவாகிறது, மீதி எண்பதும் கண்ணை நகர்த்துவதில் போகிறது. கில்பிரெத் கேட்டால் மகிழ்ந்திருப்பார். கண்ணசைவு ஆய்வில் நாற்பது வருஷம் உழைத்த கீத் ரெய்னரும் கூட்டாளிகளும் காட்டியது வேறு. தாவல்களுக்குப் போவது மொத்த நேரத்தில் ஏறக்குறைய பத்து சதவீதம். அந்தத் தாவலின்போதும் மனம் சும்மா இருப்பதில்லை, பார்த்த சொல்லைச் செரித்துக்கொண்டிருக்கிறது. ஆங்கில வாசகரின் கண் நிற்கும் இடத்துக்கு வலப்புறம் பதினான்கு பதினைந்து எழுத்து வரை ஏதாவது ஒரு தகவலை முன்கூட்டியே திரட்டுகிறது. வலமிருந்து இடம் போகிற ஹீப்ருவில் அந்த ஜன்னல் இடப்பக்கமாகத் திறக்கிறது. பெட்டியில் அடுத்த சொல்லே கிடையாது என்பதால் இந்த ஜன்னல் அடைபடுகிறது. தாவல்களில் பத்து முதல் பதினைந்து சதவீதம் பின்னோக்கியவை. இவற்றைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதை எலிசபெத் ஷாட்டர், ராண்டி ட்ரான், ரெய்னர் மூவரும் 2014இலேயே சோதித்தார்கள். சாதாரண வாக்கியம்தான், ஆனால் கண் தாண்டிய சொல் உடனே மறைக்கப்பட்டுவிடும். புரிதல் குறைந்தது. குழப்பமான வாக்கியங்களில் குறையும் என்பது எதிர்பார்க்கக்கூடியது. குழப்பமில்லாத வாக்கியங்களிலும் குறைந்தது. நூறு வருஷமாகப் 'பின்னடைவு' என்று திட்டப்பட்ட அசைவு அர்த்தம் உண்டாக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. அடுத்த ஆண்டு சிமோன் பெனடெட்டோவும் கூட்டாளிகளும் ஸ்ப்ரிட்ஸையே வைத்துப் பரிசோதித்ததில், வாசிப்பவர்கள் இமைப்பது குறைந்தது, கண்சோர்வு கூடியது. இமைத்தால் சொல் போய்விடுமே!

தமிழில் இது என்ன ஆகும்? இப்படியொரு செயலியை இறக்கி என் பழைய கட்டுரை ஒன்றையே ஓடவிட்டேன், நிமிஷத்துக்கு முந்நூற்றைம்பதில். 'ஒரு' என்ற சொல்லும் 'ஒத்துக்கொள்ளாதவர்களிடமிருந்தும்' என்ற சொல்லும் கிட்டத்தட்டச் சமமான நேரம் நின்றன. ஆங்கிலத்தில் ஆறேழு சொல்லுக்குப் பிரிகிறதை நாம் ஒரே சொல்லில் அடைக்கிறோம். வினைமுற்று கடைசியில் வருகிற மொழி; எச்சமும் பெயரெச்சமும் அடுக்கிக்கொண்டு போய் முடிவில் 'கூடாது' என்று வந்து முழு வாக்கியத்தையும் கவிழ்க்கும். கவிழ்ந்ததை நிமிர்த்த நம் கண் திரும்பிப்போய்த்தான் ஆகணும். நிமிஷத்துக்கு இத்தனை சொல் என்கிற அளவுகோலே இடைவெளி விட்டுச் சின்னச் சொற்களாக எழுதும் ஒரு மொழியின் அளவுகோல். அந்த இடைவெளியும் எங்கும் இயற்கையாக வந்ததில்லை. ஐரோப்பாவில் லத்தீனைச் சொல் பிரித்து எழுதும் வழக்கம் ஏழு எட்டாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகளிடம் தொடங்கியது என்கிறார் பால் செங்கர். நம் ஏட்டில் சொல்லுக்கிடையே வெளி கிடையாது. புள்ளி பெரும்பாலும் கிடையாது. குறிலா நெடிலா என்பதைப் பல இடங்களில் வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஏடு வாசிப்பவர் ஒரு தடவை போய், இடறி, திரும்பி வந்து, இன்ன சொல் என்று பிரித்துக்கொள்வார். சந்தி பிரித்த மர்ரே ராஜம் பதிப்புகள் 1950களில் மலிவு விலையில் வந்தபோது பழைய இலக்கியம் புலவர் கூட்டத்துக்கு வெளியே போனது. அந்தப் பிரிப்பை நான் ஜனநாயகச் செயல் என்றே மதிக்கிறேன். அது இடறலைக் குறைத்தது. திரும்பும் வழியை அடைக்கவில்லை.

நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள்: வேலைக்குப் போய்க்கொண்டு, கூட்டத்துக்கும் போய்க்கொண்டு, படிக்க நேரமில்லாதவர் இதில் படித்தால் உனக்கென்ன? கேள்வி நியாயமானது. நேரம் இல்லாமல் போனது அவர் குற்றமல்ல. ஆனால் பறிபோன நேரத்தைக் கண்ணிலிருந்து ஈடுகட்டச் சொல்வது, கூலியைக் கூட்டாமல் ராட்டின வேகத்தைக் கூட்டுகிற பழைய வித்தை. ஒரு அரசாணையையோ வேலை ஒப்பந்தத்தையோ இந்தப் பெட்டியில் வாசித்துப் பார்க்கட்டும். 'மேற்படி', 'நீங்கலாக', 'உட்பட்டு' என்ற சொற்கள் வரும்போது எங்கே போய் எதைப் பார்ப்பது? மேலே ஒன்றுமே இருக்காது. நம்மைக் கட்டிப்போடுகிற எழுத்துகள் எல்லாமே திரும்பிப் பார்த்தால் மட்டும் பிடிபடுகிற எழுத்துகள்.

2016இல் ரெய்னர், ஷாட்டர், மேசன், பாட்டர், டிரைமன் ஆகிய ஐவர் பெயரில் ஒரு நீண்ட ஆய்வுரை வெளியானது. ரெய்னர் 2015 ஜனவரியில் இறந்துவிட்டார். கட்டுரை அவருக்குப் பிறகு வந்தது. வேகத்துக்கும் புரிதலுக்கும் இடையே கொடுத்து வாங்கும் கணக்கு உண்டு, இரண்டையும் ஒருசேரக் கூட்டும் குறுக்குவழி இல்லை, நிறைய வாசித்து மொழியை விரித்துக்கொள்வதே வழி என்பது அதன் முடிவு. ஒரு சொல் முறையை வளர்த்தெடுத்த அதே மேரி பாட்டரும் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் என்பது பலர் கவனிக்காத விஷயம்.

இந்த முறைக்கு நல்ல பக்கமே இல்லையா என்றால், உண்டு. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போனவர்களுக்கு வரியைப் பிடித்து வாசிப்பது பெரும்பாடு. கண்ணை நகர்த்தும் வேலையை மிச்சப்படுத்தினால் அவர்களுக்கு உதவுமா என்று கேரி ரூபினும் கேத்லீன் டுரானோவும் 1994இல் ஆராய்ந்தார்கள். உதவியது, நல்ல கண்ணுள்ளவர்களுக்குக் கிடைத்த அளவுக்கு இல்லாவிட்டாலும். 1999இல் ஏரிஸ் ஆர்டிட்டி இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார். ஒரு சொல், அதற்கப்புறம் ஒரு சொல், எல்லாம் பழையபடியே. ஆனால் அடுத்த சொல்லை வரவழைக்கும் பொத்தானை வாசிப்பவர் கையில் கொடுத்தார். கடினமான சொல்லில் வேண்டிய மட்டும் நின்றார்கள், எளிய சொல்லைத் தட்டிவிட்டுப் போனார்கள். பார்வை குறைந்த அவர்கள், இயந்திரம் தன் வேகத்தில் ஓட்டியதைவிட இப்படித்தான் வேகமாக வாசித்தார்கள்.